தொட்டிச் செடியும் வீட்டு நாயும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு அடிவாரத்தில் உள்ள நம் நர்சரியில் சமையலறைச் செடி எடுப்பவர்கள் அடிக்கடி கேட்பது: "வீட்ல நாய் இருக்கு, தின்னா ஒண்ணும் ஆகாதே?" கல்லாவில் நின்று அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதியே தந்துவிடலாம் என்று தோன்றியது.

கொத்தமல்லி, கறிவேப்பிலை, துளசி நாலு இலை மென்றால் பயமில்லை. புதினாவும் அப்படித்தான், கட்டுக்கட்டாகத் தின்றால் வயிறு கலங்கும்.

கற்பூரவல்லி வேறு. நமக்குச் சளிக்கு மருந்து, ஆனால் அந்த இலையின் எண்ணெய் நாய்க்கு ஆகாது. எங்கள் செவலை ஆறு மாதக் குட்டியாக இருந்தபோது ஒரு தொட்டியை மொட்டையடித்துவிட்டு மூன்று முறை மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தாள். அன்று முழுக்கச் சாக்கின் மேல் சுருண்டு கிடந்தாள். மறுநாள் தேறிவிட்டாள். அதிலிருந்து கற்பூரவல்லி மேல் தட்டில்தான்.

வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு மூன்றும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்தக் குணம் போகாது. 10 கிலோ நாய்க்கு 150 கிராம் வெங்காயமே கெடுதல் செய்யும். பூண்டு இன்னும் வீரியம். உடனே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், நாய் சோர்ந்து படுக்கும், சிறுநீர் கறுத்துப் போகும். அதற்குள் என்ன போட்டோம் என்பதே நமக்கு மறந்திருக்கும். குழம்புச் சோறு போடுகிறவர்கள் வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சாறு குழம்பில் இறங்கிவிட்டதே!

இலையைவிட எங்களுக்குக் கவலை தொட்டி மண். ஆமணக்குப் புண்ணாக்கு நம் பக்கம் நல்ல உரம். ஆனால் எண்ணெய் ஆட்டிய பிறகும் ரிசின் என்ற நஞ்சு சக்கையில்தான் தங்கும். சரியாகச் சூடுபடுத்தாத புண்ணாக்கில் அது அப்படியே இருக்கும். நாய்க்கு அந்த வாசனை பிடித்துப்போய்த் தோண்டித் தின்னும். அப்புறம் வாந்தி, ரத்தப் பேதி, உயிரே போகலாம். தின்றது தெரிந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். உரப் பையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

சமையலறைச் செடிகளுக்கு இனி மண்புழு உரமும் மக்கிய சாணமும் மட்டும்தான் போடுகிறோம். முன்பு எங்களிடம் வாங்கிய ரோஜாத் தொட்டிகளில் ஆமணக்குப் புண்ணாக்கு கலந்திருக்கிறது. வீட்டில் நாய் இருந்தால் தொட்டியைக் கொண்டுவாருங்கள், மண் மாற்றித் தருகிறோம். காசு வேண்டாம். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால் சொல்லுங்கள், பையனை அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
நர்சரி குடும்பத்தார்
ஏற்காடு அடிவாரம், சேலம்