கேமராவை விற்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் மூட்டுவலி பழையபடிதான். அதை உனக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தாள், எழுதிவிட்டேன்.

அக்கா போனில் பேசும்போது, நீ டிஜிட்டல் கேமரா இரண்டையும் லென்ஸோடு சேர்த்து விற்கப் போவதாகச் சொன்னாள். இனிமேல் ஃபிலிம் மட்டும்தானாம். அவளிடம் சொன்ன விஷயத்தை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். ஸ்டூடியோ வைத்துக் குடும்பம் நடத்தியவனிடம் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, விடு.

அவசரப்பட்டு விற்காதே. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ ஃபிலிமுக்குப் போனதில் எனக்கு வருத்தமென்று நினைத்துவிடாதே. போன தடவை அனுப்பிய அந்த மாடிப்படி பிரிண்ட் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் காட்டுகிறேன். படிக்குக் கீழே இருட்டு இருக்கிறதே, அந்த இருட்டுக்குள்ளே ஒரு செருப்பு கவிழ்ந்து கிடப்பது வரைக்கும் தெரிகிறது. நிழலுக்கு அளவெடுத்திருக்கிறாய். நெகட்டிவ் ஃபிலிமுக்கு அதுதான் முறை. நிழலில் வெளிச்சம் போதவில்லை என்றால் அந்த இடத்தில் ஃபிலிம் வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும், அப்புறம் எந்தக் கெமிக்கலில் போட்டாலும் வராது. டிஜிட்டலில் இதற்கு நேர்மாறு, வெள்ளை வெளுத்துப் போனால் போனதுதான். இரண்டு பழக்கமும் ஒரே கையில் அமைவது அபூர்வம். எனக்கு இரண்டாவது அமைய ரொம்ப நாள் பிடித்தது.

ஆனால் ஒன்று கவனித்தேன். மாடிப்படி வந்தது, மொட்டை மரம் வந்தது, பூட்டிய கதவு ஒன்று வந்தது. எதிலும் ஆள் இல்லை. பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே? டிஜிட்டல் இருந்தவரை ஞாயிறு ராத்திரி தவறாமல் ஒரு கொத்துப் படம் வரும். அம்மா போனைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். இப்போது கேட்டால் “ரோல் இன்னும் முடியலப்பா” என்கிறாய். 36 படம் முடிய இவ்வளவு நாளா? ஒவ்வொரு படத்துக்கும் யோசிக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். யோசிப்பது நல்லதுதான். பாப்பா மட்டும் யோசிக்கிறவரைக்கும் நிற்க மாட்டாள்.

மருமகளிடம் அம்மா பேசியபோது, டப்பா நிறையக் கழுவாத ரோல் கிடப்பதாகச் சொன்னாளாம். ஏன் கழுவவில்லை? நேரம் இல்லையா, இல்லை வேறு ஏதாவதா? சரி, நேரம் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

கேரி வினோகிராண்ட் என்று அமெரிக்காவில் ஒருவர் இருந்தார், தெருவில் படமெடுத்தே பேர் வாங்கியவர். 1984-ல் அவர் இறந்தபோது கழுவாத ரோல் மட்டும் சுமார் 2,500 கிடந்தது. அவருக்கு எடுப்பதில்தான் ருசி. நீ அப்படிப்பட்டவன் இல்லை. டார்க் ரூமில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, ட்ரேக்குள் வெள்ளைத் தாளில் முகம் எழும்பி வருவதை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாய். படத்தை எழுப்பும் டெவலப்பர் கெமிக்கலில் விரலை விட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாய். அந்தப் பிள்ளை டப்பா நிறைய ரோலைக் கழுவாமல் வைத்திருக்கிறான் என்றால் எனக்கு நம்ப முடியவில்லை.

எடுத்த ரோலை வெகு நாள் போட்டு வைக்கக் கூடாது. பதிந்தது மெல்ல மங்கும், ஃபிலிம் முழுக்க மூட்டம் போட்டது போல ஃபாக் ஏறும். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவிவிடலாம், 20 டிகிரியில் தண்ணீர் இருந்தால் போதும். கலர்தான் 38 டிகிரியில் ஆடாமல் நிற்க வேண்டும், அதற்கு லேப் நல்லது. ஃபிலிம் கழுவும் என் டேங்க், அதற்குள் ஃபிலிமைச் சுற்றும் ரீல் எல்லாம் பரண்மேல் இருக்கிறது. ரீல் பிளாஸ்டிக்தான், ஆனால் நன்றாகக் காய்ந்திருந்தால் ஃபிலிம் வழுக்கிக்கொண்டு ஏறும். தெர்மாமீட்டரும் சேர்த்துப் பார்சல் போடுகிறேன். கெமிக்கல் மட்டும் நீ வாங்கிக்கொள். அதையும் நான் வாங்கி அனுப்பலாம், ஆனால் கூரியரில் திரவம் எடுக்க மாட்டார்கள்.

இனி டிஜிட்டல் விஷயத்துக்கு வருகிறேன்.

ரோலைக் கழுவியாயிற்று. நெகட்டிவ் கையில் இருக்கிறது. எங்களுக்கு எப்படிக் காட்டுவாய்? ஒவ்வொன்றுக்கும் பிரிண்ட் போடப் போவதில்லை. லேபில் ஸ்கேன் செய்து தருவது பெரும்பாலும் அவசர ஸ்கேன்தான், நிழலில் இருந்த அந்தச் செருப்பு அதில் காணாமல் போயிருக்கும். உன் பெரிய கேமரா 24 மெகாபிக்சல். அதில் மிகக் கிட்டத்தில் எடுக்கும் அந்த மேக்ரோ லென்ஸைப் போட்டு, கீழே வெளிச்சப் பலகை வைத்து, நெகட்டிவை ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுத்தால் 6000-க்கு 4000 பிக்சல் கிடைக்கும். ஃபிலிமின் சட்டமும் 24-க்கு 36 மில்லிமீட்டர், அந்தக் கேமராவின் சென்சாரும் ஏறக்குறைய அதே அளவு. இதற்கென்றே செய்துவைத்தது போல இருக்கும்.

கேமராவும் நெகட்டிவும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சின்ன வேலை உண்டு. நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு தட்டைக் கண்ணாடியை, முகம் பார்க்கும் கண்ணாடியைத்தான் சொல்கிறேன், வைத்து வியூஃபைண்டரில் பார். லென்ஸ் தன்னைத்தானே பார்க்கும். அந்த வட்டம் நட்டநடுவில் வந்துவிட்டால் இணை சரி. கொஞ்சம் தள்ளித் தெரிந்தால் ஸ்டாண்டைத் திருத்து. அப்புறம் கண்ணாடியை எடுத்துவிட்டு நெகட்டிவை வை. ஊதுபந்தால் தூசி தட்ட மறக்காதே, துணி போட்டுத் துடைக்காதே.

இந்தக் கேமராவை விற்றுவிட்டு நாளைக்கு ஸ்கேனர் ஒன்று தேடி அலைவாயா?

மீட்டர் விஷயமும் இருக்கிறது. உன் கையில் இருக்கும் என் பழைய ஃபிலிம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் பாதரச பேட்டரிக்காகச் செய்தது, 1.35 வோல்ட். அந்தப் பேட்டரியை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிறது. இப்போது அதே உருவத்தில் கிடைப்பது 1.5 வோல்ட், அதைப் போட்டால் அந்த மீட்டர் வெளிச்சத்தைக் கூடுதலாகச் சொல்லும், நீ நம்பி எடுப்பாய், படம் இருண்டுவிடும். நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சின்ன டிஜிட்டலில் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு அந்த எண்ணை இதில் வைக்கிறாய். அக்கா சொல்லித் தெரியவில்லை, அந்த மாடிப்படி பிரிண்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அவ்வளவு நிழலை அந்தக் கிழட்டு மீட்டர் சொல்லியிருக்காது. ஆக, சின்னதையும் விற்க முடியாது.

ஃபிலிம் ஏற்றும்போது இடது பக்க ரீவைண்ட் குமிழைப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதா? லீவரைத் தள்ளும்போது அது சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் ஸ்பூலில் பிடிக்கவே இல்லை, நீ காற்றில் எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். ஒரு விழாவில் என் உதவியாளன் ஒருவனுக்கு அப்படி ஆனது. டிஜிட்டலில் இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதியும் வசதி வந்ததும் முதலில் நிம்மதியாகத் தூங்கியது அந்தப் பையன்தான்.

அதைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. வார இறுதி வேலைகளை எதில் எடுப்பாய்? போன வருஷம் ஒரு ஞாயிறுகூட ஓய்வு கிடைப்பதில்லை என்று சொன்னாய். விழா வேலைக்கு வருகிறவன் பையில் ஃபிலிம் கேமரா மட்டும் இருந்தால் கூப்பிட்டவர்கள் ஒப்புக்கொள்வார்களா? இப்போது அந்த வேலைகள் வருகின்றனவா? ஆபீஸில் எல்லாம் சரிதானே? நீ சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. கேமராவைப் பற்றி மட்டும் பதில் எழுது.

எல்லோரும் டிஜிட்டலுக்கு ஓடிய காலத்தில் நானும் ஓடினேன், வேறு வழியில்லை. என் ஃபிலிம் கேமராவை எடைக்குக் கேட்பது போலக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். அன்றைக்கு நான் கொடுத்திருந்தால் உன் கையில் இன்று அது ஏது? ஒன்று வந்துவிட்டது என்பதற்காக இன்னொன்றைத் தூக்கிப் போடுகிற பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது.

நீ ஒன்று சொல்வாய், டிஜிட்டல் பாடியின் விலை வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறது, விற்பதென்றால் இப்போதே விற்க வேண்டும் என்று. அது நியாயம்தான், நான் மறுக்க மாட்டேன். விலைக்காக அதை வைத்திருக்கச் சொல்லவே இல்லை.

ஃபிலிம் நம் பேச்சைக் கேட்டு நடக்கிற பொருள் அல்ல. கோடக் கம்பெனிக்குள்ளேயே 1975-ல் ஸ்டீவன் சாஸன் டிஜிட்டல் கேமரா செய்து காட்டினார். ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. அதே கம்பெனி 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது. அதற்கு முன்பே, 2009-ல், கோடக்ரோம் என்ற தங்கள் கலர் ஃபிலிமை நிறுத்திவிட்டார்கள். அதைக் கழுவிக் கொடுத்த கடைசி லேப் 2010 டிசம்பர் 30-ஓடு ரோல் வாங்குவதை நிறுத்தியது. எடுத்துவிட்டு டப்பாவில் வைத்திருந்தவர்கள் கலரை மறக்க வேண்டியதுதான், கறுப்பு வெள்ளையாகக் கழுவினால் ஏதோ கொஞ்சம் தேறும். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குப் புரியும். ரோலைக் கழுவு.

செத்துவிட்டது என்று நினைத்தது திரும்பியும் வருகிறது. கோடக்கின் இன்னொரு கலர் ஃபிலிம் எக்டாக்ரோம் 2012-ல் போனது, 2018-ல் மறுபடி வந்தது. 2024-ல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவே கொண்டுவந்தது, ஒரு சட்டத்தில் இரண்டு படம் எடுக்கிற பாதிச் சட்டக் கேமரா. 36 படம் எடுக்கும் ரோலில் 72 எடுக்கலாம். உனக்கு அது ஆகாது, நீ 36-ஐ முடிக்கவே மாதக்கணக்கு எடுத்துக்கொள்கிறாய். கோபப்படாதே, கேலிக்குத்தான் சொன்னேன்.

விற்றே ஆக வேண்டும் என்றால் மற்ற லென்ஸ்களில் அந்தப் பெரிய ஜூம் ஒன்றை விற்கலாம். பேரனுக்குப் பள்ளியில் நாடகம் என்றால் அக்கா கேட்பாள், அதையும் யோசி. மேக்ரோவைத் தொடாதே. வைத்திருப்பவற்றை அலமாரியில் அடைத்துப் போட்டுவிடாதே, காற்றில் ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடிக்கும், முதலில் ஒரு நூல் மாதிரி தெரியும், அப்புறம் கிளை விடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்தும் வைக்காதே, காலியாகவும் வைக்காதே, பாதியில் வை. மாதம் ஒரு தடவை கேமராவை எடுத்து இரண்டு படம் எடு. என்ன எடுப்பது என்று தெரியவில்லை என்றால் பாப்பாவை எடு.

இவ்வளவு சொல்லியும் விற்கத்தான் வேண்டும் என்றால், வெளியே விற்காதே தம்பி. எனக்கு விற்றுவிடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பரண்மேல் பழைய நெகட்டிவ் பெட்டி பெட்டியாக இருக்கிறது, அதையெல்லாம் காப்பி எடுக்க எனக்கே ஒரு கேமரா வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே என்ன விலை சொன்னார்களோ அதைத் தருகிறேன், பேரம் பேச மாட்டேன். பணத்தை இந்த வாரமே போட்டுவிடுகிறேன். கேமரா மெதுவாக வரட்டும், அடுத்த தடவை நீங்கள் வரும்போது கொண்டுவந்தால் கூடப் போதும். அதுவரை நீயே வைத்து உபயோகித்துக்கொள், பொருள் ஓடிக்கொண்டிருந்தால்தான் எனக்கும் நல்லது.

அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். மருமகளிடம் சொல்வது உன் இஷ்டம்.

உன் பேங்க் கணக்கு பழையதுதானே? மாறியிருந்தால் நம்பரை மட்டும் எழுதி அனுப்பு, வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

அப்பா