பை தைத்துத் தருகிறேன், அளவை மட்டும் சொல்

பாப்பா,

தாயில்லாத கங்காரு குட்டிகளுக்குப் பை தைத்துத் தர முடியுமா என்று போன வாரம் போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை, கடையில் ஆள் நின்றார்கள். தைக்கிறேன். எத்தனை, என்ன அளவு, அதை மட்டும் எழுதி அனுப்பு.

முதலில் எனக்குக் கோபம்தான் தாயி, மறைக்கவில்லை. எம்.எஸ்ஸி. படிக்க வைத்து பிரிஸ்பேனுக்கு அனுப்பினால், பிள்ளை சனிக்கிழமையானால் பீர்வாவில் இருக்கிற காட்டு விலங்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி ஓட்டிப் போய், சம்பளம் இல்லாமல் கோவாலா படுத்த துண்டைத் துவைத்துக்கொண்டிருக்கிறது என்று உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "மீனாட்சி கோயிலுக்கு உழவாரப் பணிக்குப் போறவங்களுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?" என்றாள். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐப்பசியில் தெருவில் யாரோ ஒருவர் கூகைக் குஞ்சுக்குப் பால் ஊற்றி அது செத்துப்போனது என்று சொன்னேனே, அந்த யாரோ நான்தான். தையல் கடை புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியும் பழைய பழக்கம் விடவில்லை, கடையைப் பூட்டியதும் அந்தப் பக்கம் ஒரு நடை போவேன். எழுகடல் தெரு ஓரமாகக் கிடந்தது. சகுனம் சரியில்லை, விட்டுவிட்டு வாங்க என்றார்கள். நான் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பஞ்சை நனைத்து வாயில் பால் பிழிந்தேன், அம்மா தூங்கிய பிறகு இன்னும் இரண்டு தடவை. விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடந்தது. பறவைக்குப் பாலே ஆகாது, மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஊற்றுவது நுரையீரலுக்குப் போய்விடும் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

உன் அம்மா ஊர்ப்பக்கம், வேட்டங்குடிக்கு வருகிற பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. தொந்தரவு பண்ணாமல் இருக்க நமக்குத் தெரிகிறது. அடிபட்டதை எடுத்துப் பிழைக்க வைக்கத்தான் என்னைப் போல ஆளுக்குத் தெரியவில்லை. இப்போது கடையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். இனி எது கிடைத்தாலும் அதில் வைத்து மூடி, இருட்டில் விட்டு, வனத்துறைக்குப் போன். வாயில் ஒரு சொட்டு ஊற்ற மாட்டேன்.

சரி, பைக்கு வருவோம். தாய் காரில் அடிபட்டுச் செத்தாலும் அதன் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கும் என்றாய், அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. உள்பை பருத்தியில் இருக்கணும், பிசிறு குட்டி பக்கம் வரக்கூடாது, நகம் சிக்கும் என்றாய். ஓவர்லாக் அடித்து விடுகிற வேலை இல்லை இது, பிசிறை உள்ளே மடக்கி இரட்டைத் தையல் போடணும். மாதிரிக்கு ஒன்று தைத்து, என் சுண்டுவிரல் நகத்தை விட்டுக் கீறிப் பார்த்தேன், எங்கும் மாட்டவில்லை. குட்டி நனைக்க நனைக்க மாற்றணும் என்பதால் உள்பைதான் நிறைய வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கனமான வெளிப்பையை அங்கேயே யாராவது தைக்கட்டும், தபால் செலவு மிச்சம்.

துணிக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள்தான். துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. சாயம் போகிறதா என்று ராத்திரி முழுக்க ஊறப்போட்டுப் பார்த்தேன், சிவப்பு ஒன்று மட்டும் தண்ணீரைக் கெடுத்தது, அதை ஒதுக்கிவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம். வவ்வால் பக்கம் போகாதே. வவ்வாலிடம் இருக்கும் என்று நீ சொன்ன அந்தக் கிருமி வெறிநாய்க்கடிக் கிருமிக்குப் பங்காளி, 1996இல்தான் அங்கே கண்டுபிடித்தார்கள் என்றும், ஊசி போட்டவர்கள் மட்டும்தான் வவ்வாலைத் தொடலாம் என்றும் நீயேதான் சொன்னாய். ஊசி போட்டுக்கொண்டாயா இல்லையா என்று மட்டும் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டாய். நான் கவனித்தேன்.

அம்மா எல்லாச் சேலையையும் கொடுத்துவிட்டாள், பச்சையில் ஒன்றைத் தவிர. நீ பிறந்தபோது தொட்டில் கட்டியது அது. நான் கத்தரிக்கோலை எடுத்ததும் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா