செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் நம் தெருச் சங்கத்தின் ஆண்டுப் பணிகளைச் சொல்கிறேன்.

ஓணத்துக்குப் பூக்களமும் பொங்கலுக்குக் கோலப் போட்டியும் வழக்கம்போல நடந்தன. சாக்கடை இரண்டு முறை தூர்வாரப்பட்டது. தெருவிளக்குக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

இனி நாய், பூனை மேல் ஏறும் தெள்ளுப்பூச்சி விஷயத்தில் சங்கம் செய்த வேலை. "நாய், பூனையெல்லாம் சங்கத்துக்கு எதுக்கு?" என்று சிலர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். மூன்று வருடம் முன்பு நாய்க்குத் தெள்ளுப்பூச்சி போக வாங்கிய சொட்டு மருந்தின் மிச்சத்தை எங்கள் பூனையின் கழுத்தில் விட்டது நான்தான். ராத்திரிக்குள் அதற்கு வெட்டி வெட்டி இழுத்தது. விடியும் முன் போய்விட்டது. அந்த மருந்தில் இருந்த பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை நாய் தாங்கும், பூனையின் ஈரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. இதுதான் என் பதில்.

இந்த மழைக்காலத்தில் வீடு வீடாகப் போனேன். மாட்டு உண்ணிக்கு வாங்கிய டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்தை அளவு பார்க்காமல் கலந்து நாய்க்குட்டியைக் குளிப்பாட்டுகிறார்கள். மண்ணெண்ணெய் தடவுகிறார்கள், தோல் வெந்துபோகிறது, நக்கினால் நுரையீரல் வரைக்கும் போகிறது. புகையிலைத் தண்ணீர் ஊற்றினால் அதிலிருக்கும் நிகோட்டின் விஷம் தோல் வழியாகவே ஏறும். நாயின் சோற்றில் பூண்டு கலந்தால் அதன் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடையும். "எங்க பாட்டி காலத்துல இருந்து இதுதான்" என்றார் ஒரு அக்கா. பாட்டி காலத்தில் நாய் செத்தால் காரணம் யார் பார்த்தார்கள், அக்கா?

மாட்டாஸ்பத்திரி டாக்டரை அழைத்துக் கூட்டம் போட்டோம். 46 வீடுகளில் வந்தவர்கள் 9 பேர். நாய் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான், முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் தரையிலும் சாக்கிலும் கிடக்கின்றன என்றார். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடக்கிற அதிர்வு பட்டதும் வெளியே வருமாம். பூட்டிக் கிடந்த கடைசி வீட்டைத் திறந்த அன்றே எல்லார் காலிலும் ஏறியது அதனால்தான். படுக்கிற சாக்கை வெந்நீரில் துவைத்து, மூலையெல்லாம் பெருக்கி, பேன் சீப்பால் வாரிச் சோப்புத் தண்ணீரில் போடச் சொன்னார். மருந்து என்றால் எடை பார்த்து, அந்தந்தப் பிராணிக்கானது மட்டும். தவறிப்போய்ப் பூனை மேல் நாய் மருந்து பட்டுவிட்டால், உடனே பாத்திரச் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வராத 37 வீடுகளுக்கும் இதைத் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுத்தேன். வீண்செலவு என்றார்கள், அதில் பாதி என் கைக்காசு.

சரி, கணக்கு. வரவுக்கேற்ற செலவு, கையிருப்பு சொற்பம். விவரம் பொருளாளரின் நோட்டில் இருக்கிறது. 19 வீட்டுச் சந்தா பாக்கி, சிலருக்கு இரண்டு வருடமாக. பெயர் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

தலைவருக்கும், பந்தல் போட்ட தம்பிகளுக்கும், டீ கொடுத்த வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த வருடமும் என்னால் ஓட முடியுமா தெரியவில்லை. மழைக்கு முன் டாக்டரை இன்னொரு முறை அழைக்க வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும், கேட்க ஆளும் வேண்டும். ரசீது புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வரை வீட்டில்தான் இருப்பேன்.