வந்தவங்களை எண்றீங்க சரி, போனவங்களை யாருங்க எண்றது?

தமிழ்நாடு அரசு தொழிலாளர் நலத்துறைக்கும், சென்னையில உக்காந்து புள்ளிவிவரம் பாக்கற அதிகாரிங்களுக்கும், திருப்பூர்ல இருந்து ஒரு திறந்த மடல்.

வணக்கமுங்க. நான் இங்க ஒரு பனியன் கம்பெனியில எச்ஆர் வேலை பாக்கறேன். எச்ஆர்னதும் கோட்டு சூட்டுன்னு நினைச்சுக்காதீங்க, ஆளு வந்தா ஆதார் ஜெராக்ஸ் வாங்கறது, போட்டோ எடுக்கறது, பேங்க் பாஸ்புக்ல இருக்கற பேரும் ஆதார்ல இருக்கற பேரும் ஏன் ஒத்துப் போகலைன்னு தலைய சொரியறது, சனிக்கிழமை சம்பளக் கவர் பிரச்சனைய தீக்கறது, இதாங்க என் வேலை. வெளிமாநிலத் தொழிலாளர் டேட்டாவ சரி பண்ணணும், இன்னொரு போர்ட்டல் வேணும், இன்னொரு ஆப் வேணும்னு அடிக்கடி பேச்சு வருது, அந்த டேட்டாவ டைப் அடிக்கற கையி என் மாதிரி ஆளுங்களோடதுதான், அதனால சொல்ல வேண்டியத சொல்லிரலாம்னு எழுதறேன்.

ஜார்க்கண்ட்ல இருந்து ஒரு பையன் தன்பாத் ஆலப்புழா வண்டியில வந்து இறங்கறான்னு வைங்க. ஊர்க்காரன் ஒருத்தன் கைய புடிச்சு கூட்டிட்டு வந்து ஹெல்பர் வேலைக்கு நிறுத்தறான். சேந்ததும் இஎஸ்ஐக்கு, அதாவது மருத்துவக் காப்பீட்டுக்கு பதியணும், அதுல இப்ப இருக்கற அட்ரஸ், சொந்த ஊர் அட்ரஸ், நாமினி எல்லாம் கேக்குது. அடுத்து பிஎஃப், பழைய யூஏஎன், அதாவது பிஎஃப் நம்பர் இருக்கான்னு கேட்டா முழிப்பான், தேடிப் பாத்தா சூரத்துலயோ பெங்களூருலயோ வேலை பாத்தப்ப போட்டது கிடக்கும். அப்பறம் வெளிமாநிலத் தொழிலாளர் போர்ட்டல். அப்பறம் ஸ்டேஷன்ல இருந்து கேப்பாங்கன்னு போலீசுக்கு ஒரு லிஸ்ட். அப்பறம் எங்க கம்பெனி ரிஜிஸ்டர். இதுக்கு முன்னாடியே அவன் ஊருல இ-ஷ்ரம் கார்டு வேற போட்டிருப்பான், 2021 ஆகஸ்ட்ல அந்த போர்ட்டல் ஆரம்பிச்சப்ப ஊருக்கு ஊரு கேம்ப் போட்டு போட்டாங்கல்ல, அந்தக் கார்டு. அமைப்புசாரா தொழிலாளருக்குத்தான் அது, பிஎஃப், இஎஸ்ஐ இருக்கறவங்களுக்கு இல்ல. ஆனா இங்க வந்து பிஎஃப்ல சேந்துட்டேன்னு ஊருல யாரு போய் சொல்லப் போறாங்க? ஒரே பையன், அஞ்சாறு இடத்துல இருக்கான். அவன் ரூம்லயே தங்கியிருக்கற இன்னொருத்தன் ஒரு சின்ன பவர் டேபிள் யூனிட்டுல (கூலிக்கு தைச்சுக் குடுக்கற இடம்) பீஸ் ரேட்டுக்கு தைக்கறான், அவன் எந்த லிஸ்ட்லயும் கிடையாது. ரெண்டு பேரையும் கூட்டிப் பாத்தா உங்க கணக்கு சரியா வரும் போல இருக்கு, சிரிப்புத்தான் வருது.

சரி, இந்தப் பையன் தீபாவளி முடிஞ்சு அவங்க ஊர்ப் பண்டிகை சட் பூஜைக்கு ஊருக்குப் போறான், திரும்பி வரல. அப்ப என்ன ஆகும்? பிஎஃப்ல நாங்க டேட் ஆஃப் எக்ஸிட், அதாவது வேலைய விட்ட தேதி போடுவோம், போடலைன்னா அவன் பணம் எடுக்க முடியாம போன் மேல போன் போடுவான். இஎஸ்ஐல கட்டறது நின்னுரும். மீதி எல்லா லிஸ்ட்லயும் அவன் திருப்பூர்லயேதான் இருக்கான், எங்க காம்பவுண்ட் அட்ரஸ்லயே குடியிருக்கான். போன ஆளோட பேரை எடுக்கறதுக்குன்னு கம்பெனியில யாரும் மெனக்கெட மாட்டாங்க, எடுக்கலைன்னா கேள்வி கேக்க ஆள் இல்ல, சேக்கலைன்னாத்தான் இன்ஸ்பெக்ஷன்ல கேப்பாங்க. அதனால எண்ணிக்கை ஏறிட்டே இருக்கும், இறங்கவே இறங்காது. நான் சொல்ல வந்தது இதுதாங்க. இடம்பெயர்வுன்னா ஆளு நடமாட்டம், வரத்தும் போக்கும். நீங்க வரத்த மட்டும் எழுதி வச்சுட்டு அதுக்கு டேட்டாபேஸ்னு பேர் வைக்கறீங்க.

இதனால என்னங்க குடி முழுகிப் போச்சுன்னு கேப்பீங்க. 2023 மார்ச் மாசத்த நினைச்சுப் பாருங்க. பீகார் தொழிலாளர்களை தமிழ்நாட்டுல அடிக்கறாங்கன்னு போலி வீடியோ பரவி, திருப்பூர் ஸ்டேஷன்ல கூட்டம் நின்னப்ப, அந்த கூட்டம் ஹோலிக்குப் போற கூட்டமா பயத்துல ஓடற கூட்டமான்னு உறுதியா சொல்ல ஒரு ஆளு இல்ல. ஹோலி அந்த வருசம் மார்ச் 8. ஒரு டிவி பண்டிகைக் கூட்டம்னுச்சு, இன்னொரு டிவி ஓட்டம்னுச்சு, பீகார்ல இருந்து அதிகாரிங்க குழுவே கிளம்பி வந்து நேர்ல பாத்துட்டுப் போனாங்க. முந்தின வருசம் ஹோலிக்கு முந்தின வாரம் திருப்பூர்ல இருந்து வடக்க எத்தனை டிக்கெட், அதுக்கு முந்தின வருசம் எத்தனை, இந்த வருசம் எத்தனை, இந்த மூணு நம்பர் அன்னைக்கு சாயங்காலமே பிரஸ் மீட்ல சொல்லியிருந்தா வதந்தி பாதி அங்கயே செத்திருக்கும். இல்ல நிஜமாவே ஜாஸ்தியா போறாங்கன்னு தெரிஞ்சிருந்தா எந்த ஏரியாவுல போய் தைரியம் சொல்லணும்னாவது தெரிஞ்சிருக்கும். நாங்க என்ன பண்ணோம், வரிசையா கட்டியிருக்கற ஒவ்வொரு லைன் வீடா போய் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தியில ஒண்ணும் ஆகாது பையா, இருங்கன்னு கெஞ்சினோம்.

ரயில் டிக்கெட்டை வச்சு ஆள் நடமாட்டம் பாக்கறது புதுசும் இல்லைங்க. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில ரிசர்வ் பண்ணாத டிக்கெட் கணக்க வச்சுத்தான், 2011-ல இருந்து 2016 வரைக்கும் வருசத்துக்கு சராசரியா 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் போயிருக்காங்கன்னு மதிப்பு போட்டாங்க. டிக்கெட்ல பேர் இல்ல, ஜாதி இல்ல, ஆதார் இல்ல, எந்த ஸ்டேஷன்ல இருந்து எந்த ஸ்டேஷனுக்குங்கறது மட்டும்தான், அதுலயே அவ்வளவு தெரிஞ்சுச்சு. அத அறிக்கையில போடறதோட நிறுத்திட்டாங்க. மாசா மாசம் ரயில்வே கிட்ட திருப்பூர், கோவை, ஈரோடு, சென்னை ஸ்டேஷன் கணக்கு வாங்கறதுக்கு ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்துக்கு எழுதற லெட்டர் போதாதா?

2020-ஐ விட்டுட்டுப் பேச முடியாது. ஊரடங்குல மே 1-ல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் தொழிலாளர்களுக்குன்னு விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்ல மட்டும் 63 லட்சம் பேர் போனாங்க, நடந்து போனவங்க தனி. அந்த செப்டம்பர்ல நாடாளுமன்றத்துல எத்தனை தொழிலாளர் வழியில செத்தாங்கன்னு கேட்டதுக்கு அப்படி ஒரு தகவலே இல்லைன்னு மத்திய தொழிலாளர் அமைச்சகம் எழுத்துல பதில் குடுத்துச்சு. அதுக்கு அடுத்த வருசம் ஜூன்ல உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுலதான் தொழிலாளர் பதிவு போர்ட்டலுக்கும் எந்த மாநிலத்துலயும் ரேஷன் வாங்கற ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்துக்கும் ஜூலை 31-னு தேதி வச்சு நெருக்கினாங்க. கோர்ட் தேதிக்குள்ள போர்ட்டல் வரணும்னு எல்லாரும் ஓடினோம், அந்த டேட்டாவ வச்சு என்ன பண்ணப் போறோம்னு யோசிக்க நேரம் இல்ல, இன்னைக்கு வரைக்கும் இல்ல.

இருக்கற டேட்டாவே ஏராளங்க. பிஎஃப்க்கு மாசா மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கட்டறோம், புதுசா வந்தது எத்தனை, போனது எத்தனைன்னு அதுலயே இருக்கு. இஎஸ்ஐல சொந்த ஊர் அட்ரஸ் இருக்கு. ரேஷன் கடை மெஷின்ல கைரேகை வச்சு வாங்கற வெளிமாநில கார்டு எந்த ஊர் கார்டுன்னு இருக்கு. (அதை எங்க பசங்க வாங்கறாங்களான்னு கேட்டா அது வேற கதை, வீட்டுல அம்மாவுக்கு வர்ற அரிசி கட்டாயிரும்னு பயந்துட்டு யாரும் கடைப்பக்கமே போறதில்ல, அவங்கவங்க பங்கை மட்டும் இங்க வாங்கலாம்னு ஹிந்தியில ஒரு போர்டு வச்சா என்ன குறைஞ்சா போயிரும்.) அரசுப் பள்ளிக்கூடத்துல எமிஸ்ங்கற மாணவர் பதிவுல பிள்ளைங்களோட தாய்மொழி இருக்கு. இதுல எதுக்குமே எங்கிட்ட புதுசா ஒரு ஃபார்ம் கேக்க வேண்டியதில்ல. பேரையும் ஆதாரையும் எடுத்துட்டு, எந்த மாவட்டத்துக்கு எந்த மாநிலத்துல இருந்து போன மாசம் எத்தனை வந்தாங்க, எத்தனை போனாங்கன்னு எண்ணிக்கைய மட்டும் ஒண்ணா சேத்து மாவட்டவாரியா வெளியிடுங்க. பேர் வேணாம்னு அழுத்திச் சொல்றேன், காரணம் இருக்கு.

அந்தக் காரணம் போலீஸ். கோவப்படாதீங்க, அவங்க வேலைய அவங்க பாக்கறாங்க, நான் டேட்டாவப் பத்தி பேசறேன். எங்கயாவது ஒரு திருட்டு, ஒரு கொலை, அதுல வெளிமாநில ஆள் பேரு அடிபட்டா மறுநாளே எல்லாரையும் பதிவு பண்ணுங்கன்னு குரல் வரும், கம்பெனிக்கு போன் வரும், ஜெராக்ஸ் கட்டு ஸ்டேஷனுக்குப் போகும். 2025 ஆரம்பத்துல இந்தப் பக்கம் பல்லடம், திருப்பூர் ஏரியாவுல போலி ஆதாரோட இருந்த பங்களாதேஷ்காரங்களை புடிச்சாங்க. சட்டப்படி புடிச்சது சரிதான். ஆனா அதுக்கப்பறம் மேற்கு வங்காளத்துல மால்டா, முர்ஷிதாபாத்ல இருந்து வந்த நம்ம நாட்டுப் பசங்களே எங்கிட்ட ஃபார்ம் நீட்டினா, சார் இது போலீசுக்கா இஎஸ்ஐக்கான்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. இஎஸ்ஐக்குன்னா சரியான நம்பர் குடுக்கறான். போலீசுக்குன்னு சந்தேகம் வந்தா எப்பவோ தூக்கிப் போட்ட சிம் நம்பரைச் சொல்றான், சொந்த ஊர்னு தாலுக்கா பேரோட நிறுத்திக்கறான். அதே பையன்தாங்க, அதே டேபிள்தான். அடிபட்டா ஆஸ்பத்திரிக்கு ஆகும்னு தெரிஞ்ச இடத்துல ஒழுங்கா சொல்றான்.

அதனால நலத்துறை டேட்டா நலத்துக்கு மட்டும்தான், கோர்ட் உத்தரவு இல்லாம போலீஸ் கைக்குப் போகாதுன்னு எழுத்துல ஒரு அரசாணை போடுங்க, அத ஹிந்தி, ஒடியா, பெங்காலியில அச்சடிச்சு கம்பெனி நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்லுங்க. டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2023-லயே வந்தாச்சு, ஆனா அதுல அரசாங்கத்துக்கு ஏகப்பட்ட விலக்கு இருக்கு, அத நம்பி இவங்க பேர் குடுக்க மாட்டாங்க.

எல்லாரையும் ஒருத்தர் விடாம பதிவு பண்ணிரலாம்ங்கற ஆசையையும் கொஞ்சம் விடுங்க. 1979-ல வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்துல இருந்தே அந்த ஆசைதான். கான்ட்ராக்டர் கூட்டிட்டு வர்ற ஆளுக்கு வேலை, சம்பள விவரம் எழுதின பாஸ்புக் குடுக்கணும்னு அதுல இருந்துச்சு, நான் ஒரு பாஸ்புக்க கண்ணால பாத்ததில்ல. தானா வண்டி ஏறி வர்றவன் அந்தச் சட்டத்துக்குள்ளயே வரல, இங்க வர்றவங்க பெரும்பாலும் அப்படித்தான். அதுக்குப் பதிலா 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புல தானா வர்றவனையும் சேத்துட்டாங்க, நல்லது, ஆனா மறுபடியும் ஆளே ஆதார வச்சு போர்ட்டல்ல பதிஞ்சுக்கலாம்னுதான் இருக்கு. ஒண்ணரை ஷிப்ட் முடிச்சுட்டு ராத்திரி வந்து சப்பாத்தி சுடறவன் எதுக்கு பதியணும், பதிஞ்சா அவனுக்கு என்ன கிடைக்கும்?

பக்கத்துல கேரளாவப் பாருங்க. 1998-ல திருவனந்தபுரத்துல இருக்கற வளர்ச்சி ஆய்வு மையம் ஆரம்பிச்சு வச்சதுல இருந்து சில வருசத்துக்கு ஒரு தடவை வீடு வீடா மாதிரி சர்வே எடுக்கறாங்க, வெளிநாடு போனவங்க எத்தனை, திரும்பினவங்க எத்தனை, பணம் எவ்வளவு வருதுன்னு. கவனிங்க, திரும்பினவங்களும் அதுல கணக்கு. நம்ம மாநிலத்துலயும் 2015-ல அதே மாதிரி ஒண்ணு எடுத்தாங்க, வெளிநாட்டுல இருக்கற நம்ம ஆளுங்க 22 லட்சம் பேர்னு வந்துச்சு. வெளிய போன நம்ம ஆளுக்கு சர்வே எடுக்கத் தெரிஞ்ச நமக்கு உள்ள வர்ற ஆளுக்கு எடுக்கத் தெரியாதா? பத்து மாவட்டம், சில ஆயிரம் பேர், வருசா வருசம் ஒரே மாசம், ஒரே கேள்விங்க. எவ்வளவு நாளா இருக்கே, கடைசியா எப்ப ஊருக்குப் போனே, இதுக்கு முன்னாடி எந்த ஊருல இருந்தே, சம்பளம் பாக்கி இருக்கா, பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா. கோடிக்கணக்குல போட்டு கட்டற போர்ட்டல விட இது உருப்படியான பதில் தரும்னு நான் நினைக்கறேன்.

அந்தப் பக்கம் அனுப்பற மாநிலத்துக்கிட்டயும் பாதிக் கணக்கு இருக்கு. பீகார் 2023-ல எடுத்த ஜாதிவாரி கணக்கெடுப்புல மாநிலத்துக்கு வெளிய தற்காலிகமா இருக்கறவங்க 53 லட்சத்துக்கு மேலன்னு வந்துச்சு. ராஞ்சியில ஜார்க்கண்ட் அரசே இடம்பெயர்ந்த தொழிலாளருக்குன்னு கன்ட்ரோல் ரூம் வச்சிருக்கு. நீங்களும் அவங்களும் மாசம் ஒரு தடவை எண்ணிக்கைய ஒப்பிட்டுப் பாத்தாலே யார் கணக்கு எங்க ஓட்டைன்னு தெரிஞ்சிரும். ஒரு ஆளு இங்க மெஷின்ல கைய விட்டுட்டாலோ, செத்துட்டாலோ, ஊருக்கு யார் மூலமா தகவல் சொல்றதுன்னு நாங்க தவிக்கற தவிப்பும் குறையும்.

கடைசியா சென்சஸ். 2011-க்கு அப்பறம் இப்பத்தான் வருது, 2027 மார்ச் 1 கணக்குத் தேதி, பிப்ரவரி மாசம் ஆளு எண்ண வருவாங்க. சென்சஸ் மத்திய அரசுதுன்னு தள்ளி விட்றாதீங்க, எண்ண வர்றது நம்ம ஊர் டீச்சருங்கதான். பகல் பதினோரு மணிக்கு லைன் வீட்டுக்கு வந்தா பூட்டுத்தான் தொங்கும், பக்கத்து வீட்டுக்காரங்க ஹிந்திக்காரப் பசங்க நாலஞ்சு பேர் இருக்காங்கன்னு சொல்வாங்க, நாலா அஞ்சான்னு யாருக்குத் தெரியும், ஊருல இருக்கற அம்மாவோ எம் பையன் இந்த வீட்டு ஆளுதான்னு அங்கயும் எழுதிருக்கும். அதனால இந்த ஏரியாவுக்கு வர்றவங்களுக்கு ஹிந்தியோ ஒடியாவோ தெரிஞ்ச ஒரு ஆளையும் கூட அனுப்புங்க, அந்தப் பசங்கள்லயே நல்லா தமிழ் பேசறவங்க இருக்காங்க, ஒரு நாள் கூலி குடுத்தா வருவாங்க. ராத்திரி எட்டரைக்கு மேல வரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைன்னா காலையில பத்து மணிக்குள்ள, மத்தியானத்துக்கு மேல பாதிப் பேர் காதர்பேட்டைக்கு துணி எடுக்கப் போயிருப்பாங்க. எங்க காம்பவுண்ட்ல இருந்தே ஆரம்பிக்கறதுன்னா முன்னாடி நாள் சொல்லுங்க, கேட் சாவி என்கிட்டத்தான் இருக்கு, நானும் கூட வர்றேன்.

இப்படிக்கு,
திருப்பூர்ல இருந்து ஒரு பனியன் கம்பெனி எச்ஆர்