பேஸ்டலை ஒரே பூச்சோடு நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் பிள்ளைகளின் சித்திரப் போட்டி என்றால் பெரும்பாலும் எண்ணெயும் மெழுகும் கலந்த நிறக் குச்சியான எண்ணெய் பேஸ்டல்தான். ஆனால் முழுத் தாளையும் ஒரே அழுத்தில் தேய்த்து நிரப்பி, சுற்றிக் கறுப்புக் கோடு போட்டால் படம் முடிந்தது என்றுதான் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். பேஸ்டலின் அழகே அடுக்கடுக்காகப் பூசுவதில்தான் இருக்கிறது, அதை யாரும் சொல்லிக்கொடுக்காதது எனக்குப் பெரிய கவலை.

முதல் பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். தாளின் சொரசொரப்பு மெழுகால் அடைபட்டுவிட்டால் அடுத்த நிறம் பிடிக்காமல் வழுக்கும். கடினமான மலிவுக் குச்சிகள் அடியில், மிருதுவானவை மேலே. டச்சு பே கடலை வரையும் பிள்ளை வெறும் நீலத்தோடு நிற்காமல், ஊதாவையும் கரும்பச்சையையும் லேசாக இட்டு, அதன்மேல் நீலத்தைப் படரவிட்டு, நுரைக்கு வெள்ளையைக் கடைசியில் அழுத்தி வைத்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு தடவையும் குச்சியின் நுனியைத் துணியில் துடைக்காவிட்டால் எல்லாம் சேறாகிவிடும். பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமானுக்கு இன்னொரு வழி இருக்கிறது: முதலில் வெள்ளையை நன்றாகப் பூசி, மேலே செம்மண்ணிறத்தைப் பூசி, ஈர்க்குச்சியால் சுரண்டினால் புள்ளிகள் தாமாகவே தெரியும். எங்கள் ஊர் வெயிலில் குச்சிகள் இளகிவிடும், சற்று நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சரி.

இது சிறுவர் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்க வேண்டாம். ஜப்பானில் 1925 இல் மாணவர்களுக்காக வந்ததுதான், ஆனால் 1949 இல் பாரிஸின் செனலியே நிறுவனம் பிக்காசோவுக்காகவே மிருதுவான வகையைத் தயாரித்தது. அப்புறம், எண்ணெய் வர்ணத்தைக் குச்சியாக்கிய ஆயில் ஸ்டிக் வேறு. அதில் ஆளி விதை எண்ணெய் இருப்பதால் காய்ந்து இறுகும், பேஸ்டல் முழுதாகக் காய்வதே இல்லை. ஆகவே பேஸ்டலுக்கு மேல் ஆயில் ஸ்டிக்கைப் பூசக் கூடாது, பிறகு வெடித்து உரியும்.

போட்டி நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள்: மெல்லிய தாளுக்குப் பதிலாகச் சொரசொரப்பான தடித்த தாள் கொடுங்கள், அடுக்கிப் பூசுவதற்கு நேரமும் கூட்டிக் கொடுங்கள். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டாமல் இடையில் எண்ணெய்த் தாள் வையுங்கள், இல்லாவிட்டால் ஒருவருடைய நிறம் மற்றவருடைய படத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
சித்திர ஆர்வலர் ஒருவர்,
திருகோணமலை