இயற்கை என்று சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பில் எரிவாயுத் துளையிடல் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். "கிணற்று நீரில் மீத்தேன் இயற்கையாகவே உண்டு, துளையிடலைக் குறை சொல்வது அறியாமை" என்ற வரி மனதை விட்டுப் போகவில்லை.

எரிவாயுவின் முக்கிய பகுதியான மீத்தேன் இயற்கையாக உண்டுதான். 30 வருடம் இரசாயனம் படிப்பித்தவள் நான். ஹெந்தளையில் என் தங்கை வீடு முத்துராஜவெல சதுப்புக்குப் பக்கம். அங்கே வாய்க்கால் ஓரம் குமிழி குமிழியாக வருவது சேற்றில் இலைதழை உக்கி வரும் அந்த வாயுதான். சரி, 2011இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் பென்சில்வேனியா, நியூயோர்க் பக்கம் வீட்டுக் கிணறுகளைச் சோதித்தபோதும் 60இல் 51 கிணறுகளில் மீத்தேன் இருந்தது. ஆனால் துளையிட்ட இடத்துக்கு ஒரு கிலோமீற்றருக்குள் இருந்தவற்றில் அது சராசரியாக 17 மடங்கு கூட. வாயுவிலுள்ள காபன் அணுக்களின் வகையை ஆராய்ந்தால் சேற்று வாயுவா, பூமிக்கடியில் ஆழத்தில் வெந்த வாயுவா என்று பிரித்தறியலாம். துளையிட்ட இடத்துக்கு அருகே இருந்த அந்தக் கிணறுகளில் இருந்தது ஆழத்து வாயு. துளையிடலுக்குப் பயன்படுத்தும் திரவம் நீரில் கலந்ததற்குச் சான்று இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அதையும் போடுங்கள், மறைக்கச் சொல்லவில்லை. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அதனால்தான் வருத்தம் கூடுகிறது.

'இயற்கை' என்ற பதிலை நாங்கள் ஏற்கனவே வாங்கியிருக்கிறோம். நான்கு வருடத்துக்கு முன் தங்கையின் அயல் காணியை மண் போட்டு நிரப்பினார்கள். இரண்டு மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் கறுத்து, வாளியில் படை படிந்தது. ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் எழுதினேன். மூன்று மாதம் கழித்துச் சிங்களத்தில் இரண்டு வரி வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொன்னாள்: இயற்கையான மாற்றமாம். ஒரு போத்தல் தண்ணீர் எடுக்கக்கூட யாரும் வரவில்லை. தமிழும் இலங்கையின் அரசகரும மொழியானதோ 1987இலேயே. அந்தக் கிணற்றைப் பற்றித் தங்களுக்கும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. அப்பா காலத்திலிருந்து இந்தப் பத்திரிகைதான் எங்கள் வீட்டில்.

மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டுபிடித்தார்கள். நாளை கரையிலும் தோண்டலாம் என்று யாராவது வந்தால், துளையிட முன்னர் அயல் கிணறுகளைச் சோதித்து எழுதி வைக்க வேண்டும். அப்படி வைக்காத ஊர்களில்தான் யார் சொல்வது சரி என்று வருடக்கணக்காக இழுபடுகிறது.

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அந்த 17 மடங்குக் கணக்கையும் போட்டுவிடுங்கள். நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.