குறை நூலில் இல்லை, டப்பாவில்

ஆசிரியருக்கு,

உலக வாய் சுகாதார தினத்தையொட்டி (மார்ச் 20) தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரஷ் நுழையாத பல் இடுக்கை டென்டல் ஃப்ளாஸ் நூலால் சுத்தம் செய்ய வேண்டும் என்பது சரி. ஆனால் பழக்கம் பரவாததற்கு மக்களின் அலட்சியமே காரணம் என்பதை ஏற்க முடியவில்லை. நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர் லெவி ஸ்பியர் பார்ம்லி பட்டு நூலைப் பரிந்துரைத்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. பட்டு போய் நைலான் வந்ததே தவிர, விரலில் சுற்றிக்கொண்டு வாய்க்குள் தடுமாறும் வித்தை மாறவில்லை.

என் அப்பாவுக்கு ஃப்ளாஸ் நூல் டப்பா ஒன்று வாங்கித் தந்தேன். ஒரு தடவைக்கு ஒன்றரை அடி நூல் வேண்டும். எவ்வளவு இழுத்தோம் என்று தெரியாது. விரல் நுனி கன்றிச் சிவக்கும், கடைவாய்ப் பல்லுக்கோ எட்டாது. நான்கே நாளில் டப்பா அலமாரிக்குப் போனது, அவர் பல் குத்த மறுபடி ஊக்கைத் தேடினார். அப்புறம் உண்டிவில் கவட்டை போன்ற கைப்பிடியில் நூல் கட்டியதை வாங்கி, பிரஷ் வைக்கும் டம்ளரிலேயே போட்டுவைத்தேன். இன்றுவரை விடவில்லை (ஊக்கு சட்டைக்கே திரும்பிவிட்டது). நூலை மட்டும் மாற்றிக்கொள்ளும் கைப்பிடி, ஒன்றரை அடிக்கொரு வண்ணக்குறி, தமிழில் படவிளக்கம் ஆகியவற்றுடன் சிறு காகித உறையில் போட்டு, பெட்டிக்கடை ஷாம்பு சரத்தின் பக்கத்திலேயே தொங்கவிடத் தயாரிப்பாளர்கள் முன்வரலாம்.

– வாசகர், விழுப்புரம்